ஒரு கிண்ணத்துக்காக நடந்த யுத்தம்

கிறிஸ்தவ சகோதரர்கள் எல்லோரும் நற்கருணையை ஒரே முறையில்தான் பெறுகிறார்கள் என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அப்படியல்ல. கத்தோலிக்கர் பெரும்பாலும் புளிப்பில்லாத அப்பத்தை மட்டும் நாவிலோ கையிலோ பெறுவார்கள். கிரேக்க, ரஷ்ய ஓர்தொடொக்ஸ் சபைகளில் இரசத்தில் ஊறிய புளித்த அப்பத்தைக் குருவானவர் கரண்டியால் ஊட்டுவார், கைக்குழந்தைக்கும் கொடுப்பார். புரட்டஸ்தாந்து சபைகள் பலவற்றில் ஆளுக்கொரு சிறு கிண்ணத்தில் இரசம் கொடுக்கப்படும்.

இந்த வேறுபாடுகளில் ஒன்று ஒரு காலத்தில் யுத்தமாகவே வெடித்தது. மதச் சீர்திருத்தம் என்றதும் நாம் 1517, மார்ட்டின் லூதர் என்று பாடத்தைத் தொடங்குகிறோம். இது அவருக்கு ஒரு நூற்றாண்டு முந்திய கதை.

அன்றைய மேற்கு ஐரோப்பாவில் இரசக் கிண்ணம் குருவானவருக்கு மட்டும் என்றாகியிருந்தது. இரசம் சிந்திவிடும் என்ற அச்சம் ஒரு காரணம். அப்பத்திலேயே கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்ற போதனை மற்றொன்று. 1414 இல் பிராக் நகரில் ஜகோபெக் என்ற குருவானவர் பொதுமக்களுக்கும் கிண்ணத்தைக் கொடுக்கத் தொடங்கினார். இயேசு எல்லோரையும்தானே பருகச் சொன்னார் என்பது அவர்களின் வாதம்.

1415 ஜூனில் கொன்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் அதைத் தடைசெய்தது. ஜூலை 6 ஆம் திகதி பொஹீமியச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் அதே நகரில் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் மீதான குற்றச்சாட்டுகள் வேறு. என்றாலும் சிறையிலிருந்தே கிண்ணத்தை ஆதரித்து எழுதியிருந்தார். அவரைப் பின்பற்றியவர்கள் கிண்ணத்தைத் தம் கொடியில் பொறித்தார்கள். 1420 முதல் 1431 வரை அவர்களுக்கெதிராக ஐந்து சிலுவைப் படையெடுப்புகள் நடந்தன. எதுவும் அவர்களை அடக்கவில்லை.

வெளிப்படையால் முடியாததை உட்பிளவு செய்து முடித்தது. 1434 இல் லிபானி என்ற இடத்தில் மிதவாத ஹுஸைட்டுகள் கத்தோலிக்கரோடு சேர்ந்து தீவிர ஹுஸைட்டுகளை அழித்தார்கள். இரண்டு வருடங்களின் பின் உடன்படிக்கை வந்தது: விரும்பியவருக்குக் கிண்ணமும் உண்டு. 1620 இல் வெள்ளைமலைப் போரில் தோற்றதும் அந்த உரிமையும் போனது. பிராக்கின் தீன் தேவாலய முகப்பிலிருந்த பொற்கிண்ணம் அகற்றப்பட்டு, அங்கே மரியாளின் உருவம் வைக்கப்பட்டது.

1963 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், சில சந்தர்ப்பங்களில் பொதுமக்களும் கிண்ணத்தில் பெறலாம் என்று அனுமதித்தது. கொன்ஸ்டன்ஸ் தடைக்கும் இதற்கும் இடையில் 548 வருடங்கள்.

அவர்களின் நம்பிக்கை வேறு, நமது நம்பிக்கை வேறு. ஆனால் ஆமீனைச் சத்தமாகச் சொல்வதா மெதுவாகச் சொல்வதா, சுபஹில் குனூத் ஓதுவதா இல்லையா என்று நாமும் ஸலாம் சொல்லாமல் விலகிப் போயிருக்கிறோம். லிபானியில் இரு பக்கமும் நின்றவர்களில் அந்தக் கிண்ணத்தில் பருகியவர்கள் இருந்தார்கள். அதைக் கொஞ்சம் யோசிப்போம்.