குடித்தவர் ஏற்றிய விளக்கு

1840 ஏப்ரல். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு மதுக்கடை. அங்கே அறுவர்: தையற்காரர், தச்சர், கொல்லர் எனத் தொழிலால் வாழ்ந்தோர், குடியால் வீழ்ந்தோர். ‘இனித் தொடோம்’ என உறுதி பூண்டு, ஜார்ஜ் வாஷிங்டன் பெயரால் மதுவிலக்குச் சங்கம் கண்டனர்.

மதுவிலக்குப் பேசிய மேலோர் அதுவரை செய்தது என்ன? குடியரை இகழ்ந்தனர், மீளாதவரென ஒதுக்கினர். சங்கத்தாரோ வாரந்தோறும் கூடினர். வீழ்ந்த கதையை, மீண்ட கதையைத் தம் வாயாலேயே உரைத்தனர். தவிப்போரைத் தேடி அழைத்து வந்தனர். ஓராண்டில் அறுவர் பல நூற்றுவராயினர்!

குடிக்கு இரையாகாதோர் தப்பியது பெரிதும் வேட்கையின்மையால்; உயர்வால் அன்று என அச்சங்கத்தாரிடையே 1842இல் எடுத்துரைத்தார் ஆபிரகாம் லிங்கன்.

சில ஆண்டுகளில் சங்கம் தளர்ந்தது. ஆனால், 1935இல் ஆக்ரன் நகரில் குடிநோயாளர் இருவர் சந்தித்தபோது அம்முறை மீண்டும் எழுந்தது, இன்றும் வாழ்கிறது.

தோழனே! தவிப்பவனுக்கு வசைமொழி வேண்டாம். அத்தகையோர் கூடும் அவையைக் காட்டு. வாயில்வரை உடன் செல்!