ஃபேரர் பார்க்கின் ஆடலாசிரியர்கள்: சிங்கப்பூரில் ஒரு தொழிலின் வரலாறு

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் ஆடலை விரித்துரைப்பதற்கு முன்பாக, அவளை அரங்குக்கு உரியவளாக்கிய ஆசிரியர்களின் இலக்கணத்தை ஒவ்வொன்றாக வகுத்துச் சொல்கிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை எனும் முழவை இயக்கும் ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஓர் இளம்பெண்ணின் கலைக்குப் பின்னால் இத்தனை தொழில்கள் நின்றதையும், ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்த பயிற்சியும் தேர்ச்சியும் வேண்டியிருந்ததையும் இளங்கோவடிகள் இன்றியமையாத செய்தியாகக் கருதினார். பிற்கால நடனப் பள்ளிகளின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் மாணவிகளின் அரங்கேற்றங்களையும் மேடைப் புகழையும் பதிவு செய்தார்களே தவிர, கற்பித்தவர் எங்கே பயின்றார், எதைத் தொழிலாகக் கொண்டிருந்தார் என்ற கேள்விக்கு அந்த அளவு இடம் தரவில்லை. சிங்கப்பூரின் இந்திய நடனம் இன்றைய வடிவைப் பெற்றதற்கான காரணத்தை இந்தக் கேள்வியே தெளிவாக விளக்குகிறது.

சிராங்கூன் சாலைக்கும் ரேஸ் கோர்ஸ் சாலைக்கும் இடையிலும் அவற்றைச் சுற்றியும் விரிந்திருக்கும் ஃபேரர் பார்க், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து குதிரைப் பந்தயத் திடலாக இருந்து, 1933-இல் பந்தயங்கள் புக்கிட் தீமாவுக்கு மாறிய பின்னர் விளையாட்டுத் திடலாகவும் குடியிருப்பாகவும் உருமாறிய வட்டாரமாகும். நகராட்சி ஆணையத்தின் தலைவராக இருந்த ரோலண்ட் ஜான் ஃபேரரின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. 1855-இல் தோன்றிய ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலும், வணிகரும் கொடையாளருமான கோவிந்தசாமிப் பிள்ளையின் பெயரால் அக்கோயில் வளாகத்தில் எழுந்த திருமண மண்டபமும் இவ்வட்டாரத்தில் தமிழர் ஒன்றுகூடும் இடங்களாக விளங்குகின்றன. கோயிலிலிருந்து சற்றுத் தொலைவில், ஸ்டார்லைட் சாலையில் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் இயங்குகிறது. 1949-இல் இசையார்வலர் சிலரால் தொடங்கப்பட்ட இக்கழகத்தில் பரதநாட்டியம், கதக், ஒடிசி ஆகிய நடனங்களோடு வாய்ப்பாட்டும் வீணை, வயலின், மிருதங்கம் முதலிய கருவிகளும் கற்பிக்கப்படுகின்றன. மாணவர்கள் படிப்படியான தேர்வுகளையும் எழுதுகிறார்கள்.

இக்கழகத்தின் பரதநாட்டிய ஆசிரியர்களில் பலர் சென்னைக் கலாக்ஷேத்திராவில் பட்டயம் பெற்றவர்கள். இன்று இயல்பாகத் தோன்றும் இந்தச் செய்தி, தமிழ்நாட்டு நடன மரபை வைத்துப் பார்த்தால் ஒரு பெரிய மாற்றத்தின் விளைவாகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை ஆடல் கற்பித்தல் நட்டுவனார் குடும்பங்களின் குலத்தொழிலாக இருந்தது. நட்டுவனார் என்பவர் தட்டுக்கழியால் மணை எனும் மரக்கட்டையைத் தட்டியும் கைத்தாளத்தை ஒலித்தும் சொற்கட்டுகளைச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவர். தஞ்சை அரசவையில் இன்றைய கச்சேரி வரிசையை ஒழுங்கு செய்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்களின் மரபில் வந்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவரைப் போன்ற ஆசிரியர்கள் இசையிலும் தாளத்திலும் முழுமை பெற்றவர்கள், ஆனால் சலங்கை கட்டி மேடையேறி ஆடுவதைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள். மேடையில் ஆடுவது ஒருவர் தொழில், ஆட்டுவிப்பது இன்னொருவர் தொழில் என்ற பிரிவு அங்கே நிலைபெற்றிருந்தது.

ஐரோப்பிய பாலே நடனத்தில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே மேடையில் ஆடி ஓய்ந்தவரே பெரும்பாலும் ஆசிரியராகிறார். சிங்கப்பூரிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு: 1958-இல் தொடங்கிய சிங்கப்பூர் பாலே பள்ளியை 1971 முதல் நடத்திய கோ சூ கிம், ஆஸ்திரேலிய பாலே பள்ளியில் பயின்று நாடு திரும்பியவர், அவரே 1988-இல் அந்தனி தென் என்பவருடன் சேர்ந்து சிங்கப்பூர் டான்ஸ் தியேட்டர் என்ற தொழில்முறைக் குழுவையும் நிறுவினார். 1920-இல் லண்டனில் தோன்றிய ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் போன்ற அமைப்புகள் மாணவர்களுக்குத் தரவரிசைத் தேர்வுகளையும் ஆசிரியர்களுக்குத் தகுதிச் சான்றுகளையும் வகுத்திருந்தமையால், பாலே ஆசிரியரின் தொழிற்பின்னணி தாளில் எழுதிக் காட்டக்கூடிய ஒன்றாக இருந்தது.

இவ்விரு முறைகளும் சந்தித்த இடம் கலாக்ஷேத்திரா. அதன் நிறுவனர் ருக்மிணி தேவி, ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பால் ஈர்க்கப்பட்டு, அவருடைய குழுவைச் சேர்ந்த க்ளியோ நோர்டியிடம் பாலே பயின்றவர். சொந்த நாட்டின் கலையைத் தேடும்படி பாவ்லோவா தூண்டியதும், பின்னர் ருக்மிணி தேவி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று 1935 இறுதியில் அடையாற்றில் ஆடியதும் பலரும் அறிந்தவை. 1936-இல் தொடங்கிய அவருடைய நிறுவனத்தில் முதலில் கற்பித்தவர்கள் நட்டுவனார்களே. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளை 1940-களில் விலகிய பின்னர், அங்கே பயின்ற ஆடற்கலைஞர்களே தட்டுக்கழியை ஏந்தி நட்டுவாங்கம் செய்யத் தொடங்கினர். கேரளத்திலிருந்து வந்த கதகளி ஆசான்களான அம்பு பணிக்கரும் சந்து பணிக்கரும் நாட்டிய நாடகங்களுக்கு வலுவூட்டினர். ஆடுபவரே ஆட்டுவிப்பவருமாகிய புதிய ஆசிரியர் இவ்வாறு உருவானார்; குடும்பப் பெயருக்குப் பதிலாகப் பட்டயம் அவருடைய தகுதியாயிற்று. கடல் கடந்து வேலைக்கு அழைக்கப்படுவதற்கு இப்பட்டயம் மிகவும் ஏற்றதாக அமைந்தது. தொலைவில் உள்ள ஒரு சங்கம் ஆசிரியரின் ஆட்டத்தை நேரில் காணாமலே அவருடைய பயிற்சியை மதிப்பிட அது உதவியது.

நட்டுவனார் மரபினரில் புகழ்பெற்றவர்களுக்குச் சென்னையிலேயே போதிய வாழ்வாதாரம் இருந்தது. வழுவூர் இராமையா பிள்ளை போன்றோர் சபா மேடைகளோடு திரைப்படங்களுக்கும் நடனம் அமைத்தனர். சிங்கப்பூரில் இந்திய நடனத்துக்கு அடித்தளமிட்டவர்கள் வேறு வழிகளில் வந்தவர்கள். 1952-இல் நடனப் பள்ளியைத் தொடங்கிய கே. பி. பாஸ்கரும், 1955-இல் அவரை மணந்து கேரளத்திலிருந்து வந்த சாந்தா பாஸ்கரும் கதகளியின் நாடகத் தன்மையைப் பரதத்தோடு உடன் கொண்டுவந்தனர். பதின்பருவத்தில் வந்திறங்கிய சாந்தா, தமிழரும் மலையாளியரும் சீனரும் மலாய்க்காரரும் பக்கம் பக்கமாக வாழ்ந்த நகரில் ஆசிரியத் தொழிலைக் கற்பித்துக்கொண்டே கற்றார். சீனக் காதல் கதையான லியாங் ஷான்போ, ஜூ யிங்தாய் வரலாற்றை 1958-இல் அவர் இந்திய நடனத்தில் அமைத்தது, ஒரு கதையைக் கடன் வாங்கியதோடு நிற்கும் செயலன்று. பார்வையாளர் யார் என்பதை அறிந்து பாடத்திட்டத்தையே விரிவாக்கிய ஆசிரியரின் முடிவு அது. பிற்காலத்தில் தாய்லாந்து நடனத்தைப் பயின்று மனோஹ்ரா கதையை மேடையேற்றியதும், சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பல பத்தாண்டுகள் நடனம் கற்பித்ததும் அதன் தொடர்ச்சியே. 1990-இல் அவர் கலாசாரப் பதக்கம் பெற்றார், 2022-இல் மறைந்தார்.

இன்னொரு வழி இலங்கையிலிருந்து வந்தது. கொழும்பில் பிறந்த நீலா சத்தியலிங்கம் கலாக்ஷேத்திராவில் ருக்மிணி தேவியிடம் பயின்றவர். அங்கேயே பயின்ற இசைக்கலைஞரான சத்தியலிங்கம் அவருடைய கணவர். 1970-களில் சிங்கப்பூரில் குடியேறிய இத்தம்பதியர் 1977-இல் அப்சராஸ் ஆர்ட்ஸ் என்ற பள்ளியையும் குழுவையும் நிறுவினர். நீலா மக்கள் கழகத்தின் நடனக் குழுவுக்கும் பயிற்சியளித்தார். இசையறிந்தவரும் ஆடலறிந்தவரும் ஒரே வீட்டில் இருந்து ஒரு பள்ளியை நடத்தியதில் பழைய நட்டுவனார் குடும்பத்தின் தொழிற்பகிர்வு வேறொரு வடிவில் மீண்டும் தோன்றியது எனலாம். 1989-இல் கலாசாரப் பதக்கம் பெற்ற நீலா, 2017-இல் மறையும் வரை கற்பித்தலோடு தொடர்பு கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடங்களின் தேவை ஆசிரியத் தொழிலை மேலும் விரிவாக்கியது. 1967-இல் தொடங்கிய சிங்கப்பூர் இளையர் விழாவுக்காகவும், பாடநேரத்துக்குப் பிந்திய இணைப்பாட நடவடிக்கைகளுக்காகவும் இந்திய நடனக் குழுக்களை வைத்திருந்த பள்ளிகள் வெளியிலிருந்து பயிற்றுநர்களை அமர்த்தின. இக்குழுக்களுக்குக் குறுகிய காலத்தில் பலரை ஒரே அளவில் ஆடவைக்கும் திறன் வேண்டியிருந்தது. அலாரிப்பு முதல் தில்லானா வரை ஒரு மாணவியைப் பல ஆண்டுகள் வளர்த்தெடுக்கும் அரங்கேற்றப் பயிற்சிக்கு வேண்டியது வேறு வகைப் பொறுமை. ஒரே ஆசிரியர் பிற்பகலில் முதலாவதையும் மாலையில் இரண்டாவதையும் செய்ய நேர்ந்தது இத்தொழிலின் தனித்தன்மையாகும்.

சிங்கப்பூரிலேயே பிறந்து, இங்குள்ள பள்ளிகளில் பயின்று, பின்னர் சென்னையில் மேற்பயிற்சி பெற்றுத் திரும்பிய தலைமுறையினரும் இப்போது கற்பிக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் பகலில் அலுவலகத்திலோ வகுப்பறையிலோ வேறு தொழில் பார்த்து, வார இறுதிகளில் நடனம் கற்பிப்பவர்கள். இதனால் நட்டுவாங்கமும் தாள நுட்பமும் பின்தங்குகின்றன என்ற கவலை நியாயமானதே. ஆடலைக் கற்பிக்கத் தெரிந்தவர் பலராக இருக்க, நட்டுவாங்கத்தை முழுநேரமாகப் பயிலக் கூடியவர் மிகச் சிலராகவே அமைவது நெடுங்காலக் குறையாகும். ஆயினும், கதகளிப் பின்னணியிலிருந்தும் கலாக்ஷேத்திராவின் குழு ஒழுங்கிலிருந்தும் வந்த ஆசிரியர்கள் கற்பித்த நாட்டிய நாடக மரபு சிங்கப்பூரில் வலுவாக நிற்கிறது. அப்சராஸ் குழுவின் அங்கோர் போன்ற பெரிய படைப்புகள் அதன் பயனே.

சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் இயங்கிவருகிறது. புகழ்பெற்ற நிறுவனர்களுக்கு அப்பால், ஒப்பந்தத்தில் வந்து சில ஆண்டுகள் கற்பித்துத் திரும்பிய பட்டயதாரிகள், பள்ளிக்குப் பள்ளி சென்ற பயிற்றுநர்கள், வகுப்புகளுக்கு மிருதங்கம் வாசித்தவர்கள் ஆகியோரின் தொழில் வாழ்க்கையும் அங்கே இடம்பெற வேண்டும். அவர்கள் யாரிடம் பயின்றார்கள், என்ன ஊதியம் பெற்றார்கள், எந்த உருப்படிகளைக் கற்பித்தார்கள் என்பனவற்றைக் கேட்டறிந்து எழுதிவைக்கும் பொறுப்பை, அவர்களிடம் பயின்ற மாணவர்களும் நடனப் பள்ளிகளும் காலம் தாழ்த்தாமல் ஏற்க வேண்டும்.