அளக்கிறவர் யாருடைய ஆள்?

எங்கள் வாசுதேவநல்லூர்ப் பக்கம் வரப்புத் தகராறு வந்தால் முதலில் காதில் விழுவது, "சர்வேயரைக் கூட்டிட்டு வா" என்பது. அளந்து முடித்ததும் தோற்ற பக்கம் கேட்பது, "அவரு யாரு கூட்டிட்டு வந்த ஆளு?" என்பது. இந்தச் சந்தேகம் நில அளவை அளவுக்கே பழையது. அதற்கு அந்தந்தக் காலத்தில் என்ன மருந்து கண்டார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலாம் இராசராசன் கி.பி. 1001 வாக்கில் சோழநாட்டை அளக்கச் செய்தான். அந்த வேலையை நடத்திய அதிகாரிக்கு 'உலகளந்தான்' என்ற பட்டம் கிடைத்தது. முதற் குலோத்துங்கன் 1086-இல் மறுபடியும் அளந்தான். அளவுகோலின் நீளத்தைக் கோயில் சுவரில் வெட்டிவைக்கும் வழக்கமும் இருந்தது. பல கோயில்களில் இன்றும் அதைக் காணலாம். கொண்டுவந்த கோல் குட்டையா நெட்டையா என்று சந்தேகம் வந்தால், ஒத்துப் பார்க்கக் கல் இருந்தது.

கம்பெனி ஆட்சியில் 1794-இல் சென்னையில் சர்வே பள்ளி தொடங்கியது. கோல் போய்ச் சங்கிலி வந்தது. 66 அடி நீளம், 100 லிங்க். நாம் சொல்லும் ஒரு சென்ட் என்பது சரியாக 1000 சதுர லிங்க். இரும்புச் சங்கிலி இழுத்து இழுத்து நீண்டுபோகும். நூற்றுக்கு ஒரு லிங்க் நீண்டாலே, ஒரு ஏக்கர் நிலம் 98 சென்டாகத்தான் கணக்கில் வரும். யாரும் லஞ்சம் வாங்காமலே இரண்டு சென்ட் போய்விடும்! ஆகவே வேலை தொடங்குமுன் சங்கிலியைச் சரிபார்ப்பது சர்வேயரின் முதல் கடமை.

1923-இல் நில அளவை, எல்லைகள் சட்டம் வந்தது. சம்பந்தப்பட்டவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், தகராறு இருந்தால் இரு தரப்பையும் கேட்டு எல்லையைத் தீர்மானிக்க வேண்டும், அப்பீலுக்கு இடம் தர வேண்டும் என்றது சட்டம். அளவை முடிந்து அரசிதழில் அறிவிப்பு வந்துவிட்டால், சிவில் கோர்ட் மாற்றினால் ஒழிய அந்த எல்லையே முடிவான சாட்சி. வழக்குப் போட மூன்று வருடம்தான். நோட்டீஸ் வராத பக்கத்து வயல்காரருக்கு அந்த மூன்று வருடம் தெரியாமலே கழிந்துவிடும். அதனால் நோட்டீஸை ஒழுங்காகச் சேர்ப்பிப்பதும் நேர்மையில் சேர்த்தி.

1980-இல் கர்ணம் பதவி ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அதையொட்டிய ஆண்டுகளில்தான், 1979 முதல் 1987 வரை, யு.டி.ஆர். நடந்தது. ஏக்கர், சென்ட் போய் ஹெக்டேர், ஏர் வந்தது. அதில் பெயர் மாறி விழுந்த பட்டாக்களைத் திருத்த இன்றும் நம்மில் பலர் தாலுகா அலுவலகத்துக்கு நடக்கிறோம்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இன்னொரு சட்டமும் எனக்கு நினைவுக்கு வரும். 1804-ஆம் ஆண்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 646-ஆம் பிரிவு. எந்த நிலக்காரரும் பக்கத்து நிலக்காரரை எல்லைக்கல் நடச் சம்மதிக்க வைக்கலாம். செலவு இருவருக்கும் பொது என்கிறது. இந்தக் கடைசி வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. கூலி இருவருடையது என்றால், "யாரு கூட்டிட்டு வந்த ஆளு?" என்ற கேள்விக்கே இடமில்லை. அங்கே 1946-இல் சர்வேயர்களுக்கென்று சட்டப்படி ஒரு சங்கமும் அமைந்தது.

நம் ஊரில் மனு கொடுத்தவரே பணம் கட்டுகிறார். சர்வேயரை அழைத்து வருவதும், இளநீர் வெட்டிக் கொடுப்பதும், மதியச் சாப்பாடு போடுவதும் அவர்தான். சர்வேயர் நல்லவராகவே இருந்தாலும் எதிர்த்தரப்பு நம்பாது. அவர் இளநீரை மறுத்து, இரு தரப்பும் வந்தபின் புலப்படத்தை விரித்து, எந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறார் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னால் பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும்.

நிலத்தை விற்றுவிட்டுப் பிள்ளைகள் இருக்கும் ஊருக்குப் போக நினைக்கும் நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். புலப்பட நகல் வாங்கி வையுங்கள். அளக்கும் நாளைப் பக்கத்து நிலக்காரருக்கு நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். முடிந்தால் கட்டணத்தில் பாதியை அவரையும் போடச் சொல்லுங்கள்.