மரக் காதுக்கிண்ணங்கள்: ஹெட்போனில் மரத்தின் வரலாறு

ஹெட்போனில் காதின் மேல் அமரும் கூடு காதுக்கிண்ணம் எனப்படும். ஒலியை உண்டாக்கும் டிரைவர் இதனுள் பொருத்தப்பட்டிருக்கும். இன்று பெரும்பாலான காதுக்கிண்ணங்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை. மரத்தைக் கடைந்து செய்யப்படும் கிண்ணங்கள் அண்மைக்கால ஆடம்பரமாகக் கருதப்படுகின்றன. ஆனால் காதில் வைத்துக் கேட்கும் மின்கருவியின் வரலாற்றில் மரம் தொடக்கத்திலேயே இருந்தது. வார்ப்புத் தொழில் வளர்ந்தபோது விலகியது. பின்னர் உயர்விலைக் கருவிகள் வழியாகவும் சிறு பட்டறைகள் வழியாகவும் திரும்பி வந்தது.

தொடக்கம்

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876-ல் தொலைபேசிக்கான காப்புரிமை பெற்றார். 1877-ல் புழக்கத்துக்கு வந்த கைத் தொலைபேசிக் கருவியின் கூடு மரத்தால் ஆனது. வெண்ணெயில் முத்திரை பதிக்கும் மர அச்சைப் போல இருந்ததால் அமெரிக்காவில் அதற்கு 'வெண்ணெய் அச்சு' என்ற பெயர் ஏற்பட்டது. ஒரே கருவியை வாயருகே வைத்துப் பேசினர். காதருகே வைத்துக் கேட்டனர்.

இத்தகைய கருவியில் காந்தத்துக்கும் அதன் முன்னுள்ள மெல்லிய இரும்புத் தகட்டுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி இருக்கும். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். இடைவெளி மாறினால் ஒலியும் மாறும். கெட்டிப்படுத்திய ரப்பரான எபோனைட்டுக்கு இந்தக் குறை குறைவு. எனவே கேட்புக் கருவிகளில் எபோனைட் விரைவில் பரவியது. 1907-ல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பேக்கலைட், வார்ப்பில் எத்தனை எடுத்தாலும் ஒரே அளவில் வரும் பொருளாக அமைந்தது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் 1910-ல் அமெரிக்கக் கடற்படைக்கு ஹெட்போன்களை அனுப்பினார். அவற்றை அவர் தம் வீட்டுச் சமையலறையில் செய்தார். ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1937-ல் டைனமிக் வகை ஹெட்போனை வெளியிட்டது. ஜான் கோஸ் 1958-ல் ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகம் செய்தார். 1979-ல் சோனியின் வாக்மன் வந்தபின் ஹெட்போன் கோடிக்கணக்கானோரின் பொருளானது. அந்த அளவு உற்பத்திக்குப் பிளாஸ்டிக்கே ஏற்றதாக இருந்தது.

மரம் திரும்பியது

1989-ல் சோனி வெளியிட்ட எம்.டி.ஆர்-ஆர்10 ஹெட்போனின் கிண்ணங்கள் கெயாக்கி என்னும் ஜப்பானிய மரத்தால் ஆனவை. அதன் விலை சுமார் 2,500 டாலர். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1953-ல் தொடங்கப்பட்ட கிராடோ நிறுவனம், 1990-களில் மகோகனி மரக் கிண்ணங்களைக் கொண்ட ஹெட்போன்களை விற்றது. 2012-ல் ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ் நிறுவனம் மரக் கிண்ணத்தின் மேல் உருஷி என்னும் மரபான அரக்குப் பூச்சுடன் டி.எச்.900 மாதிரியை வெளியிட்டது.

இதே நிறுவனத்தின் டி50ஆர்பி ஹெட்போன் வேறொரு வழியைத் திறந்தது. பிளாஸ்டிக் கிண்ணம் கொண்ட இந்த ஸ்டூடியோ ஹெட்போனின் டிரைவரைக் கழற்றி, தாம் கடைந்த மரக் கிண்ணங்களில் ஆர்வலர்கள் பொருத்தினர். சிகாகோவின் இசட்.எம்.எஃப் நிறுவனம் இவ்வாறு தொடங்கியதே.

இதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. பிளாஸ்டிக் கிண்ணம் வார்க்க முதலில் எஃகு அச்சு வேண்டும். அதற்குப் பெரும் தொகை செலவாகும். பல்லாயிரம் எண்ணிக்கையில் செய்தால்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும். பத்து ஜோடி மட்டும் செய்பவருக்கு அச்சு தேவையில்லை. ஒரு கடைசல் இயந்திரமும் உளிகளும் போதும். ஒவ்வொரு ஜோடியையும் கேட்பவரின் காதளவுக்கு ஏற்ப மாற்றிச் செய்யலாம்.

வீணைக் குடமும் காதுக்கிண்ணமும்

மரத்தைக் குடைந்து ஒலியை ஆளும் கலை தமிழகத்துக்குப் பழையது. தஞ்சாவூர் வீணையின் குடம் பலா மரத்தில் குடையப்படுகிறது. குடம், தண்டி, யாளிமுகம் மூன்றும் ஒரே மரத்தில் அமைவது ஏகாண்ட வீணை. இவ்வீணை 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. மிருதங்கக் கட்டையும் பலாவே. 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் ஆச்சா மரத்தால் செய்யப்படுகிறது.

வீணைக் குடம் தந்தியின் அதிர்வை வாங்கித் தானும் அதிர வேண்டும். காதுக்கிண்ணத்தின் வேலை இதற்கு நேர்மாறானது. பதிவில் உள்ள ஒலியோடு கிண்ணத்தின் சொந்த ஒலி கலந்தால் அது பிழையாகும். மூடிய கிண்ணத்தில் டிரைவரின் பின்பக்க ஒலி சுவரில் மோதித் திரும்பும். எதிரெதிரான இரு பரப்புகளின் இடைவெளி 3 செ.மீ. என்றால், ஏறத்தாழ 5,700 ஹெர்ட்ஸில் அதிர்வு தேங்கும். 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் அப்போது கூர்மையாகக் குத்தும்.

இதனால்தான் கிண்ணத்தின் உட்புறம் வளைவாகக் கடையப்படுகிறது. கம்பளித் துணியோ பஞ்சோ அளவாக வைக்கப்படுகிறது. மரத்தின் பெயரைவிட உள்வடிவம், சுவரின் தடிமன், பஞ்சின் அளவு, காற்றுத்துளை ஆகியவை ஒலியை அதிகம் மாற்றும். 'இந்த மரம் இனிமையான ஒலி தரும்' என்ற விளம்பரத்தை இந்த அளவுகளோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

மரத் தேர்வும் செய்முறையும்

கிண்ணத்துக்கு நன்கு உலர்ந்த, வெடிப்பற்ற மரம் தேவை. இரு கிண்ணங்களையும் ஒரே கட்டையிலிருந்து எடுத்தால் எடையும் இழையும் ஒத்திருக்கும். முதலில் சற்றுத் தடிமனாகக் கடைந்து, சில வாரங்கள் ஆறவிட்டு, பின்னர் இறுதி அளவுக்குக் கடைவது வழக்கம். இதனால் பிற்பாடு வட்டம் கோணுவது குறையும்.

கன்னட நாட்டின் சென்னபட்டணக் கடைசல் பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலை மரம் தமிழகத்திலும் வளர்கிறது. மூலனூர், காங்கேயம் வட்டாரத்தில் எளிதாகக் கிடைக்கும் வேம்பும் வாகையும் கடைசலுக்கு உகந்தவை. ஆச்சா மிகக் கனமானது. நெடுநேரம் தலையில் அணியும் கருவிக்குப் பாரமாகும். ஈட்டி மரம் வெட்டுவதைத் தமிழ்நாடு ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம், 1994 கட்டுப்படுத்தி வந்தது.

மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. எனவே கடைசலின்போது முகக்கவசமும், தூளை உறிஞ்சும் ஏற்பாடும் கட்டாயம்.

ஹெட்போனில் டிரைவர் நன்றாக இருக்க, கூடு மட்டும் உடைவது உண்டு. அவ்வாறு உடைந்தவை பெரும்பாலும் குப்பைக்குப் போகின்றன. டிரைவரைச் செய்யத் தொழிற்சாலை வேண்டும். கூட்டைச் செய்ய உள்ளூர்க் கடைசல் பட்டறை போதும். பால்ட்வின் சமையலறையில் செய்த வேலையின் ஒரு பகுதி இன்றும் எளிய கருவிகளுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது.