தோட்டத்து மருந்தும் உழைப்பின் விலையும்

1872ஆம் ஆண்டில் இலங்கையின் குடியேற்ற அரசு, கோப்பித் தோட்டங்களில் உழைத்த தென்னிந்தியத் தொழிலாளரின் மருத்துவத்துக்கெனத் தனிச் சட்டமொன்றை இயற்றி, செலவைத் தோட்ட உடைமையாளர்மீது சுமத்திற்று. சமூகக் காப்புறுதியின் தொடக்கம் எனப் பேசப்படும் பிஸ்மார்க்கின் நோய்க்காப்புறுதிச் சட்டம் 1883இலேயே வந்தது. இம்முந்துரிமையை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா.

ஜேர்மனியில் தொழிலாளர் கட்டணத்தில் மூன்றில் இரு பங்கைச் செலுத்தினர். நிதியத்தின் நிருவாகத்திலும் இடம்பெற்றனர். சமதர்ம இயக்கம் குறித்த அச்சமே பிஸ்மார்க்கை அவ்வளவுக்கு இறங்கிவரச் செய்தது. மலையகத் தொழிலாளிக்கோ கட்டணமும் இல்லை, குரலும் இல்லை. கட்டணமின்மை சலுகையாகத் தோன்றலாம். ஆனால், இங்கு காப்புறுதி செய்யப்பட்டது தொழிலாளியின் உயிரன்று, மூலதனத்துக்குத் தேவையான உழைப்பே என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். கங்காணியின் முன்பணத்தால் கட்டுண்டு வந்தவன் இறந்தால் அம்முன்பணமும் அவனோடு போயிற்று.

கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1912இல் மருத்துவச் சட்டமும் புதுப்பிக்கப்பட்டது. எனினும் மருத்துவம் தோட்டத்தின் வழியாகவே தொழிலாளியை அடைந்தது. கொட்டகலையின் லயமொன்றில் ஒருவர் நோயுற்றால் அது நோய்தானா என்பதை முதலில் தீர்மானித்தவர், தோட்டத்திடம் சம்பளம் பெற்ற மருந்தகக்காரரே. சுதந்திரத்தின் பின் ஏனைய மக்களுக்கு இலவச மருத்துவம் குடிமக்களுக்குரிய உரிமையாக விரிந்தபோது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது. குடியுரிமையும் மருந்தும் ஒரே கதவின் இரு பூட்டுகளாயின. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்றுள்ளது, எல்லாவற்றையும் அன்று.

2017இல் இந்திய உதவியுடன் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் புதிய கட்டடம் எழுந்தது. அது பயனுள்ளதே; அங்கு சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. ஆயினும் கொட்டகலையிலிருந்து அட்டன் வழியாக அங்கு சென்றுவர பஸ் கட்டணமும் ஒரு ‘பேரும்’ வேண்டும். ஒரு நாட்கூலியைப் ‘பேர்’ என்றே தோட்டத்து மொழி வழங்குகிறது. (மொழியாராய்ச்சியாளர் இச்சொல்லில் இன்னும் போதிய கவனம் செலுத்தவில்லை என்பது நமது எண்ணம், செக்றோலில் பெயர் விழுவதே ஒருவரின் இருப்பாகிவிட்ட வரலாறு அதில் உறைந்துள்ளது.) வைத்தியசாலைக்குச் சென்றவளுக்கு அன்று பேர் விழாது. செல்லாமல் காய்ச்சலோடு மலையேறியவளுக்கோ, கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர்தான்.