பென்னலாங் தொகுதியின் தேர்தல் வரலாறு

மக்களாட்சி நாடுகளின் அரசியல் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தலைநகரை நோக்கியே எழுதுவர். பிரதமர்கள் வந்ததும் போனதும், கட்சிகள் பிளந்ததும் கூடியதும் அவர்தம் நூல்களில் நிறைந்திருக்கும். எனினும் ஒரு நாட்டின் அரசியல் உண்மையில் எங்கே மாறுகிறது என்று அறிய விழைவோர், ஒரே ஒரு தொகுதியை எடுத்துக்கொண்டு, அதன் வாக்குகள் தலைமுறை தலைமுறையாகச் சென்ற வழியை ஆராய்ந்தால் பெறும் பயன் பெரிது. அத்தகைய ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரப் புறநகர்ப் பகுதியில் அமைந்த பென்னலாங் என்னும் பாராளுமன்றத் தொகுதி. 58 ஆண்டுகள் ஒரே கட்சியின் கோட்டையாக இருந்து, பின்னர் நாட்டின் பிரதமரையே தோற்கடித்த தொகுதி அது.

முதற்கண் அதன் பெயரை நோக்குவோம். பென்னலாங் என்பவர் சிட்னித் துறைமுகத்தின் தென்கரையில் வாழ்ந்த வாங்கல் குலத்துப் பழங்குடி மகன். 1789ஆம் ஆண்டு நவம்பரில் ஆளுநர் ஆர்தர் பிலிப்பின் ஆணைப்படி சிறைபிடிக்கப்பட்டார். சில திங்களில் தப்பினார். பிறகு தாமாகவே ஆளுநருடன் நட்புக் கொண்டார். அவருக்காக ஆளுநர் ஒரு சிறு செங்கல் வீடு கட்டிக் கொடுத்த கடல்முனைதான் இன்று உலகோர் வியந்து காணும் இசை நாடக அரங்கம் நிற்கும் பென்னலாங் முனை. 1792இல் பிலிப்புடன் இங்கிலாந்து சென்ற அவர் 1795இல் திரும்பினார். உடன் சென்ற இளைஞர் எம்மரவானி அங்கேயே இறந்துபட்டார். பென்னலாங் 1813ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் காலமானார். பாராமட்டா ஆற்றங்கரையில், ஜேம்ஸ் ஸ்குவயர் என்பவரின் பழத்தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர். அவ்விடம் இன்றைய புட்னி என்னும் புறநகரில், தொகுதியின் உள்ளேயே இருக்கிறது.

1949ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் பாராளுமன்றத்தின் கீழவை 75 உறுப்பினர்களிலிருந்து 123 உறுப்பினர்களாக விரிவாக்கப்பட்டபோது பிறந்த புதிய தொகுதிகளுள் ஒன்றுக்கு இப்பெயர் சூட்டப்பட்டது. பெயர் சூட்டியவர்கள் நல்லெண்ணத்துடனேயே செய்திருக்கலாம். ஆயினும் அந்த ஆண்டில் பழங்குடி மக்களின் வாக்குரிமை எந்நிலையில் இருந்தது என்பதை மறத்தல் ஆகாது. தத்தம் மாநிலத்தில் வாக்குரிமை பெற்றிருந்தோர்க்கும், படையில் பணியாற்றியோர்க்கும் மட்டுமே கூட்டரசுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை 1949ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. குவீன்ஸ்லாந்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் வாழ்ந்த பழங்குடியினர் 1962 வரை காத்திருந்தனர். மக்கள் தொகைக் கணக்கில் அவர்களைச் சேர்க்கலாகாது என்ற அரசியலமைப்பு விதி 1967ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பில்தான் நீக்கப்பட்டது. எனவே பென்னலாங்கின் பெயரால் முதல் வாக்குச்சீட்டு அச்சிடப்பட்டபோது, அவர் இனத்தாருள் மிகப் பலர் அத்தகைய சீட்டைக் கையால் தொடவும் உரிமையற்றவராக இருந்தனர்.

முதல் தேர்தல் 1949 டிசம்பர் 10ஆம் நாள் நடைபெற்றது. வங்கிகளை நாட்டுடைமையாக்க முயன்றதும், பெட்ரோல் பங்கீடு நீடித்ததும் சிப்லியின் தொழிற்கட்சி அரசுக்கு எதிராக மக்கள் மனத்தைத் திருப்பியிருந்தன. மென்சிஸ் தலைமையில் லிபரல் கட்சிக் கூட்டணி ஆட்சியைப் பிடித்தது. பென்னலாங்கில் அக்கட்சியின் ஜான் கிரேமர் வென்றார். நில வீடு விற்பனைத் தொழிலில் ஈடுபட்டிருந்தவர். வட சிட்னியின் மேயராக இருந்தவர். ஆற்றங்கரையில் சொந்த வீடு கட்டிக் குடியேறிய நடுத்தர வகுப்பினருக்கு வேறு யார் பொருத்தமான பிரதிநிதியாக இருந்திருக்க முடியும்! 1956 முதல் 1963 வரை தரைப்படை அமைச்சராகவும் இருந்த அவர், 1974இல் ஓய்வு பெறும் வரை கால் நூற்றாண்டு அத்தொகுதியைத் தம் கையில் வைத்திருந்தார். 1972இல் விட்லமின் தொழிற்கட்சி 23 ஆண்டுகட்குப்பின் ஆட்சிக்கு வந்தபோதும் பென்னலாங் அசையவில்லை. இக்காலத்தைப் பற்றி இதற்குமேல் கூற அதிகம் இல்லை.

கிரேமருக்குப்பின் 1974ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் தேர்தலில் ஜான் ஹோவர்டு என்ற வழக்கறிஞர் வென்றார். 1977 முதல் 1983 வரை நிதியமைச்சர், இருமுறை எதிர்க்கட்சித் தலைவர், 1996 மார்ச் முதல் 2007 டிசம்பர் வரை பிரதமர் எனப் படிப்படியாக உயர்ந்தார். மென்சிஸுக்கு அடுத்து மிக நீண்டகாலம் அப்பதவியில் இருந்தவர் அவரே. ஆக, 1949 முதல் 2007 வரை இத்தொகுதி கண்ட உறுப்பினர்கள் இருவரே ஆவர்.

இந்த நீண்ட அமைதியின் அடியில் இரண்டு மாற்றங்கள் நடந்துகொண்டிருந்தன. ஒன்று எல்லையைப் பற்றியது. ஆஸ்திரேலியாவில் வாக்காளர் தொகையை ஏறத்தாழச் சமமாக வைத்திருப்பதற்காகத் தொகுதி எல்லைகள் அவ்வப்போது திருத்தியமைக்கப்படுகின்றன. தொடக்கத்தில் லேன் கோவ், ஹன்டர்ஸ் ஹில் போன்ற செல்வர் வாழும் துறைமுகப் புறநகர்கள் பென்னலாங்கின் நெஞ்சமாக இருந்தன. திருத்தம் தோறும் தொகுதி மேற்கு நோக்கியும் வடமேற்கு நோக்கியும் நகர்ந்தது. செல்வர் பகுதிகள் கழன்றன. எர்மிங்டன் போன்று தொழிற்கட்சிக்கு வாக்களிக்கும் பழக்கமுடைய பகுதிகள் சேர்ந்தன. ஹோவர்டு ஒரே பெயருள்ள தொகுதியில் 33 ஆண்டுகள் நின்றார் என்பது உண்மை; ஒரே தொகுதியில் நின்றார் என்பது பாதி உண்மையே. தொகுதியின் பெயர் நிலைத்திருப்பதைக் கொண்டு மக்களின் மனம் மாறிற்று அல்லது மாறவில்லை என்று முடிவு கட்டுவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

இரண்டாவது மாற்றம் மக்களைப் பற்றியது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் ஆஸ்திரேலியா என்றாலே ‘வெள்ளை ஆஸ்திரேலியா’ என்ற கொள்கையே நினைவுக்கு வரும். 1966இல் அக்கொள்கை தளர்த்தப்பட்டது. 1973இல் அடியோடு கைவிடப்பட்டது. அதன்பின் வந்து குடியேறிய சீனரும் கொரியரும் ஈஸ்ட்வுட், எப்பிங் முதலிய புகைவண்டி நிலையங்களைச் சுற்றிக் கடை வைத்தனர், வீடு வாங்கினர், குடியுரிமை பெற்று வாக்காளராயினர். நாட்டிலேயே சீன மரபினர் மிகுதியாக வாழும் தொகுதிகளுள் ஒன்றாகப் பென்னலாங் ஆயிற்று.

இவ்விடத்தில் 1988ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைக் குறித்தல் வேண்டும். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஹோவர்டு, ஆசியரின் குடியேற்றத்தின் வேகத்தைக் குறைப்பது நலம் என்ற கருத்தை வெளியிட்டார். குடியேற்றத்தில் இனம் அளவுகோலாகக் கூடாது என்று பிரதமர் ஹாக் பாராளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை ஆதரித்து ஹோவர்டின் கட்சியினர் மூவரே கட்சி மாறி வாக்களித்தனர். பின்னாளில் தாம் கூறியதற்கு ஹோவர்டு வருத்தம் தெரிவித்தார். ஆனால் ஒரு சொல் அது பேசப்பட்ட ஆண்டோடு முடிந்துவிடுவதில்லை. யாரைக் குறித்து அது பேசப்பட்டதோ அவர்களே அவருடைய தொகுதியின் வாக்காளர்களாக வந்து நிறைந்தனர்.

முதல் எச்சரிக்கை 2004இல் வந்தது. ஈராக் போரை எதிர்த்து உளவு ஆய்வுப் பணியைத் துறந்த ஆண்ட்ரூ வில்கி பசுமைக் கட்சியின் சார்பில் பிரதமரை எதிர்த்து நின்று 16 விழுக்காட்டு வாக்குப் பெற்றார். ஹோவர்டு வென்றார், ஆயினும் தொழிற்கட்சியுடன் இறுதிக் கணக்கில் அவர் பெற்றது 54.3 விழுக்காடே. நாடு முழுவதும் அவர் கட்சி பெருவெற்றி கண்ட அதே நாளில் அவர் சொந்தத் தொகுதி தளர்ந்தது.

2007ஆம் ஆண்டு தொழிற்கட்சி, தொலைக்காட்சியில் அரசியல் பேட்டிகளால் நாடறிந்த மாக்சின் மெக்யூ என்ற அம்மையாரை நிறுத்தியது. அவர் எப்பிங்கிற்கே குடிபெயர்ந்து வந்து, வீதி வீதியாகவும் கடை கடையாகவும் நடந்தார். பிரதமரோ துறைமுகக் கரையில், தொகுதிக்கு வெளியே உள்ள அரசு மாளிகையில் வாழ்ந்தவர். தொழிலாளர் உரிமைகளைக் குறைத்ததாகக் கருதப்பட்ட 2005ஆம் ஆண்டுச் சட்டம் எங்கும் எதிர்ப்பைக் கிளப்பியிருந்தது. எதிர்க்கட்சித் தலைவர் கெவின் ரட் சீன மொழியில் சரளமாக உரையாடக் கூடியவர். அந்த ஆண்டு செப்டம்பரில் சிட்னி மாநாட்டிற்கு வந்த சீனத் தலைவர் முன் அவர் சீன மொழியிலேயே பேசியதை ஈஸ்ட்வுட் கடைவீதி கேட்காமல் இருந்திருக்காது.

நவம்பர் 24ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. முதல் விருப்ப வாக்குகளை எண்ணியபோது ஹோவர்டு 45.5 விழுக்காடும் மெக்யூ 45.3 விழுக்காடும் பெற்றிருந்தனர். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இத்தகைய முடிவு வந்திருந்தால் ஹோவர்டு வென்றவர் ஆவார். கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் அவ்வாறு இல்லை. வாக்காளர் ஒவ்வொருவரும் வேட்பாளர் அனைவருக்கும் 1, 2, 3 என வரிசை எண் இடவேண்டும். எவரும் பாதிக்குமேல் பெறாவிடில் கடைசியில் நிற்பவர் நீக்கப்பட்டு, அவருக்கு வாக்களித்தோரின் அடுத்த விருப்பம் யாரோ அவருக்கு அவ்வாக்குகள் போய்ச் சேரும். இவ்வாறே ஒருவர் பின் ஒருவராக நீக்கிச் செல்வர். பசுமைக் கட்சிக்கு வாக்களித்தோருள் பெரும்பாலோர் இரண்டாம் இடத்தை மெக்யூவுக்குத் தந்திருந்தனர். முடிவில் மெக்யூ 51.4, ஹோவர்டு 48.6.

இம்முறை பிறந்த வரலாற்றை அறிந்தோர்க்கு இது வியப்பான முரணாகத் தோன்றும். 1918 அக்டோபரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் தொகுதி இடைத்தேர்தலில், தொழிற்கட்சிக்கு எதிரான வாக்குகள் பிளவுபட்டதால், ஏறத்தாழ 34 விழுக்காடே பெற்ற தொழிற்கட்சி இளைஞர் ஒருவர் வென்றார். இனி இவ்வாறு நேராமல் தடுக்கவே தொழிற்கட்சியின் எதிரிகள் அவ்வாண்டே விருப்ப வரிசை முறையைச் சட்டமாக்கினர். தொழிற்கட்சியைத் தடுக்கக் கட்டிய அணை 89 ஆண்டுகட்குப்பின் தொழிற்கட்சியின் வயலுக்கு நீர் பாய்ச்சியது.

வாக்களிப்பது அங்கே கட்டாயம் என்பதும் நினைவிற்குரியது. 1922இல் வாக்களிக்க வந்தோர் 60 விழுக்காட்டிற்கும் குறைவு என்று கண்டு 1924இல் அதற்குச் சட்டம் இயற்றினர். 1925இல் 91 விழுக்காட்டிற்கு மேல் வந்தனர். 1959இல் சிங்கப்பூர் மேற்கொண்ட முறையும் இதுவே. மொழி தெரியாது, நமக்கேன் அரசியல் என்று ஒதுங்கிவிடக் கூடிய புதுக்குடிகளும் வாக்குச்சாவடிக்கு வந்தே தீரவேண்டிய நிலையை அது உண்டாக்கிற்று. பென்னலாங்கின் முடிவில் கட்டாய வாக்குக்கு உள்ள பங்கு, விருப்ப வரிசைக்கு உள்ள பங்கினும் குறைந்ததன்று எனலாம்.

பதவியிலிருக்கும் பிரதமர் தம் தொகுதியையும் இழந்தது ஆஸ்திரேலிய வரலாற்றில் அதற்குமுன் ஒருமுறைதான் நிகழ்ந்தது. 1929இல் பிளிண்டர்ஸ் தொகுதியில் ஸ்டான்லி புரூஸ், ஹாலோவே என்ற தொழிற்சங்கத் தலைவரிடம் தோற்றார். தொழில் வழக்குகளைத் தீர்க்கும் கூட்டரசு முறையை மாற்றப் புகுந்ததே புரூஸின் வீழ்ச்சிக்குக் காரணம். தொழிலாளர் சட்டத்தில் கைவைத்த இரு பிரதமர்களும் ஒரே விதமாக வீழ்ந்தனர். புரூஸ் 1931இல் தம் தொகுதியை மீட்டார். ஹோவர்டு திரும்பி வரவில்லை.

2007இன் முடிவைக் கண்டு பென்னலாங் இனித் தொழிற்கட்சியின் பக்கமே என்று எழுதியோர் மூன்றே ஆண்டில் ஏமாந்தனர். 2010இல் ரட் பதவியிலிருந்து இறக்கப்பட்டபின் நடந்த தேர்தலில், டென்னிஸ் வீரராகப் புகழ்பெற்ற லிபரல் வேட்பாளர் ஜான் அலெக்சாண்டர் மெக்யூவைத் தோற்கடித்தார். குடியேறிய மக்கள் எக்கட்சிக்கும் எழுதிக் கொடுக்கப்பட்ட சொத்தல்லர் என்பதற்கு இது சான்று. கடை நடத்துவோரும், பிள்ளைகளின் கல்விக்காகக் கடன்பட்டு வீடு வாங்கியோரும் லிபரல் கட்சியின் பொருளாதாரப் பேச்சுக்குச் செவிசாய்த்ததில் வியப்பில்லை.

2017இல் மீண்டும் நாட்டின் கண்கள் இத்தொகுதியை நோக்கின. அந்நியக் குடியுரிமை உள்ளவர் உறுப்பினராகக் கூடாது என்ற அரசியலமைப்பின் 44ஆம் பிரிவால் பலர் பதவி இழந்துகொண்டிருந்த நேரம் அது. தந்தை பிரிட்டனில் பிறந்தவராதலின் அலெக்சாண்டரும் பதவி விலகி மறுபடியும் போட்டியிட்டார். டர்ன்புல் அரசுக்கு ஓர் இடமே பெரும்பான்மை. எதிர்த்து நின்றவர் மாநிலத்தின் முன்னாள் முதல்வர் கிரிஸ்டினா கினீலி. சீனாவின் தலையீடு பற்றிய சர்ச்சை கொழுந்துவிட்டு எரிய, ஆஸ்திரேலிய மக்கள் எழுந்து நின்றுவிட்டனர் என்று பிரதமரே சீன மொழியில் முழங்கினார். மாவோவை நினைவூட்டும் அச்சொற்களைச் சீன வாக்காளர்களைக் கொண்ட தொகுதியில் கூறியது அறிவுடைமையா என்று அன்றே பலர் ஐயுற்றனர். டிசம்பர் 16ஆம் நாள் அலெக்சாண்டர் வென்றாலும் ஏறத்தாழ 5 விழுக்காடு அவரை விட்டு நீங்கியிருந்தது.

அவர் ஓய்வு பெற்றபின் 2022 மே 21ஆம் நாள் தேர்தலில், ரைடு நகர மேயராக இருந்த ஜெரோம் லக்ஸேல் 50.98 விழுக்காடு பெற்றுத் தொழிற்கட்சிக்காகத் தொகுதியை மீட்டார். சீன மரபினர் மிகுந்த ரீட், சிஷொல்ம் தொகுதிகளையும் லிபரல் கட்சி அன்றே இழந்தது.

2024ஆம் ஆண்டு எல்லைத் திருத்தம் இக்கதையை ஒரு சுற்றுச் சுற்றி வரச் செய்தது. அண்டைத் தொகுதியாகிய வட சிட்னி கலைக்கப்பட்டது. எப்பிங் முதலிய மேற்குப் பகுதிகள் கழிக்கப்பட்டு, லேன் கோவும் ஹன்டர்ஸ் ஹில்லும் மீண்டும் பென்னலாங்கில் சேர்ந்தன. பழைய வாக்குகளைப் புதிய எல்லைக்குள் வைத்துக் கணக்கிட்டோர், தொகுதி மயிரிழையில் லிபரல் கட்சியுடையதாயிற்று என்றனர். கிரேமரின் வாக்காளர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்றே அக்கட்சி நம்பியது. 2025 மே 3ஆம் நாள் வாக்குகள் எண்ணப்பட்டன. லக்ஸேல் ஏறத்தாழ 59 விழுக்காடு பெற்று வென்றார்.