தான்தோன்றியும் கோதிக்கும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்போம். பொழுது படும் கரை. 2014-இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை, மண்முனைத்துறையில் 'பாதை' என்னும் மிதவைப் படகு ஏறிக் கொக்கட்டிச்சோலைக்குப் போவோம். அங்கே கோயில்கொண்டிருப்பவர் தான்தோன்றீஸ்வரர். கொக்கட்டி என்பது மரம். அந்த மரத்தடியில் யாரும் நாட்டாமல் லிங்கம் தானே தோன்றியது என்பது ஊர் வழக்கு. வடமொழியில் சுயம்பு, நம் மொழியில் தான்தோன்றி.

அதே சொல் வீட்டு முற்றத்துக்கு வந்ததும் வசையாகிவிடுகிறது. சொல்வழி கேளாத பிள்ளையைத் 'தான்தோன்றி' என்று ஏசுகிறோம். மனம்போன போக்கில் செய்வதைத் 'தான்தோன்றித்தனம்' என்கிறோம். எவரும் உண்டாக்காதது என்னும் பெருமை, எவருக்கும் அடங்காதது என்னும் குற்றமாகத் திரிந்தது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் பயணம் போன சொல் ஒன்று ஐரோப்பாவில் உண்டு: கோதிக். கூர்நுனி வளைவுகளும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் கொண்ட அந்தத் தேவாலயக் கலை, பாரிசை அடுத்த சேன் தெனியில் மடத்தலைவர் சூஜே 1144-இல் அர்ச்சித்த பீடப்பகுதியில் முதல் முழுவடிவம் பெற்றது. அக்காலத்தில் அதற்கு இந்தப் பெயர் இல்லை. 1280-ஐ ஒட்டிய ஒரு ஜெர்மானியக் குறிப்பு அதைப் 'பிராங்க் நாட்டு வேலை' என்கிறது.

கோதிக் என்றால் கோத்தியருக்குரியது. கோத்தியர் 410-இல் ரோமாபுரியைச் சூறையாடிய இனத்தார். அவர்களுக்கும் இந்தக் கட்டடங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஏழு நூற்றாண்டு இடைவெளி. ஆனாலும் இத்தாலிய ஓவியர் வசாரி 1550-இல் வெளியிட்ட நூலில், ஒழுங்கற்ற இந்தப் பாணி கோத்தியர் கண்டுபிடித்தது என்று எழுதினார். 'காட்டுமிராண்டி வேலை' என்பதே அதன் பொருள். அதற்கு முன்பே, ரஃபேல் எழுதியதாகக் கருதப்படும் ஒரு கடிதம், வெட்டாத மரங்களின் கிளைகளை வளைத்துக் கட்டியதிலிருந்து கூர்வளைவு பிறந்ததாகச் சொல்கிறது. அவர்கள் கண்ணுக்கும் அது ஒரு சோலையாகத்தான் தெரிந்திருக்கிறது.

செப்புத்தகட்டு ஓவியர் வென்செஸ்லாஸ் ஹொல்லார் லண்டன் பழைய புனித பவுல் பேராலயத்தின் உட்புறத்தைப் பொறித்த படமொன்றின் நகலை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். செப்புத்தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் தோய்த்தால் கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளங்களில் மையிட்டுத் தாளில் ஒற்றி எடுப்பார்கள். மயிரிழை மயிரிழையாகத் தூண்கள் உயர்ந்து, மேலே கிளைவிட்டு ஒன்றையொன்று தழுவுகின்றன. கிழக்குச் சுவரில் பெரிய வட்டச் சாளரம். 1658-இல், அந்தப் பேராலயத்தைப் பற்றி டக்டேல் எழுதிய நூலில் இப்படங்கள் வெளிவந்தன. எட்டே ஆண்டுகளில், 1666 பெருந்தீயில் ஆலயம் எரிந்தது. பலர் பழித்த கலையை ஒருவர் கோடு கோடாகப் பார்த்து வைத்ததால்தான் நமக்கு அந்த ஆலயத்தின் தோற்றம் மிஞ்சியது.

பின்பு காலம் மாறியது. 1772-இல் வெளிவந்த கட்டுரையில் கவிஞர் கெத்தே, ஸ்திராஸ்பூர்க் பேராலயத்தின் முன் நின்ற அனுபவத்தைச் சொல்லி, கோதிக் என்ற சொல்லோடு தாம் கேட்டு வளர்ந்த ஏளனத்தை உதறினார். அடுத்த நூற்றாண்டில் அது பெருமைப் பெயராகிக் கடல் கடந்தது. சென்னை சாந்தோம் பேராலயம் 1896-இல் அந்தப் பாணியில்தான் எழுந்தது.

வசை வாழ்த்தானது அங்கே. வாழ்த்து வசையானது இங்கே. இரண்டு இடத்திலும் கல் மாறவில்லை, பார்த்தவர் மனம் மாறியது. தன் போக்கில் வளரும் பிள்ளையைத் 'தான்தோன்றி' என்று ஏச வாயெடுக்கும்போது, வாவிக்கு அந்தப் பக்கம் அதே பெயரைச் சொல்லித்தான் கற்பூரம் காட்டுகிறார்கள் என்பதை நினைத்துக்கொள்வோம்.